கருப்புப் பாவாடையில் வந்த நங்கை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்று வந்த கோபம் நியாயமானது என்றுதான் நினைத்தேன்.

பரமத்தி வேலூரில் எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாள். பெரு நாட்டு மலைச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் சிவக்குமார், அங்கே கட்டிக்கொண்ட கெச்சுவா இனத்து மனைவி ருஃபினாவை முதல்முறையாக ஊருக்குக் கூட்டிவந்திருந்தான். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம்; முதல் பாலை நங்கை கையால்தான் ஊற்ற வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. வந்து நின்றாளே, தலை முதல் கால் வரை கருப்பு! பாவாடை, சால்வை, தொப்பி எல்லாமே.

அப்பா சென்னியப்பன் ஞாயிறுதோறும் அவளோடு வீடியோவில் பேசுவார். பாஷை தெரியாத இரண்டு பேருக்கு என்ன பேச்சோ! இவர் கொடிக்கால் வெற்றிலையைக் காட்டுவார். அவள் சந்தைக்கு வரும் பெண்களைக் காட்டுவாள். அங்கே ஊருக்கு ஊர் தொப்பி வேறு, பாவாடைக் கரை வேறு. ஓர் ஊரில் கிண்ணம்போலத் தொப்பி, அடுத்த ஊரில் தட்டையாய், குஞ்சம் வைத்து. எந்தப் பெண் எந்த ஊர் என்று அப்பா சரியாகச் சொல்லிவிடுவார். அவள் கைதட்டுவாள். அப்போதெல்லாம் அவள் பாவாடை பளீரென்ற சிவப்பு.

"ஏண்ணா, நல்ல காரியம் நடக்கற ஊட்டுல கருப்பா? போயி மாத்திக்கச் சொல்லு!"

"மாட்டா பிரவீனா. அவங்க ஊர்ல ஆராச்சும் செத்தா ஒரு வருசம் கருப்புத்தான். வருசம் முடிஞ்சா சொந்தக்காரங்க கழட்டிக் கலர் போட்டுவிடோணும். இன்னும் ஒம்பது நாள் இருக்குது."

"ஆரு செத்ததுக்கு?"

ருஃபினாவே பதில் சொன்னாள். பாவாடையைத் தொட்டு, தமிழில்.

"மாமாவுக்கு."

நேரில் ஒரு தரம்கூடப் பார்க்காத மனிதருக்கு! பெற்ற மகள் நான், அப்பாவின் காரியம் முடிந்த கையோடு மேஸ்திரி, டைல்ஸ் என்று ஓடிக்கொண்டிருந்தேன். அப்பா படத்துக்கு மாலை வாங்கக்கூட மறந்திருந்தேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போனேன். பெரியத்தை குறுக்கே வந்தார்.

"கருப்போட அடுப்பத் தொட உடாத சாமி. ஊட்டுக்கு ஆகாது."

"எங்கப்பனுக்காகப் போட்டதுங்க அத்தை. அதெப்படிங்க இந்த ஊட்டுக்கு ஆகாமப் போகும்?"

ருஃபினா பாலை ஊற்றினாள். அது பொங்கி வழிந்தபோது, அவள் தோளில் சாய்ந்து அப்பாவுக்காக வாய்விட்டு அழுதேன். அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, அன்றுதான் அழுதேன்.