துரைசானி கவுனும் ஜகதாம்பாள் ஜாக்கெட்டும்

தலைநகரம் டில்லிக்குப் போகிறது என்று கல்கத்தாவே தலையில் கை வைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. பவானிபூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் அதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அவர்களுக்கு இரண்டு சர்க்கார். ஒன்று, மூட்டை கட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சர்க்கார். இன்னொன்று, எங்கேயும் போகிற உத்தேசமே இல்லாத ராஜலக்ஷ்மி மாமி. மாமியின் அகத்துக்காரர் லக்ஷ்மிநாராயணன் ஒரு பெரிய ஆபீஸில் சூப்பரிண்டெண்ட். அவருக்குக் கீழே குமாஸ்தாக்களாக இருந்தவர்களின் பெண்டாட்டிகள் எல்லாரும் மாமிக்குக் கீழே குமாஸ்தாக்கள். சம்பளம் மட்டும் கிடையாது.

நவராத்திரிக்கு முன்னால் மாமியிடமிருந்து உத்தரவு பிறந்தது. சரஸ்வதி பூஜையன்று கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து பாடுகிறவர்கள் முழங்கை வரை கை வைத்துத் தைத்த பட்டு ஜாக்கெட்டோடுதான் வரவேண்டும். வக்கீல் வீட்டு வங்காளிப் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் எதிரே முடிச்சுப் போட்ட ரவிக்கையோடு உட்கார்ந்தால் தென்தேசத்து மானம் கங்கையோடு போய்விடும். கை வைத்த ஜாக்கெட் போடுகிறவள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று சில வருஷங்களுக்கு முன் சபதம் செய்தவளும் இதே மாமிதான். நடுவில் மாமிக்கே துரைமார் கடைகள் இருக்கும் சௌரங்கி வீதித் தையல்காரன் ஒன்று தைத்துக் கொடுத்தான். சாஸ்திரம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டது.

உத்தரவைக் கேட்டு ஜகதாம்பாளுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. முதல் பாட்டு அவளுடையது. அவள் கல்கத்தாவுக்குக் குடித்தனம் வந்த நாளிலிருந்து அவளுடையது. அவள் குரலில் ஆரம்பித்தால்தான் மற்றவர்களுக்குச் சுருதியே நிற்கும். அவளிடம் பட்டு என்று இருந்தது கூறைப்புடவை ஒன்றுதான். ஜாக்கெட்டுக்கு எங்கே போவாள்?

"பேசாம இந்தத் தடவை ரெண்டாவது வரிசையிலே உக்காந்துக்கோயேன்" என்றான் அவள் புருஷன் அனந்தகிருஷ்ணன். சூப்பரிண்டெண்டின் கீழே மூன்றாவது மேஜைக்காரன். மேலதிகாரி தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். "மாமி கோச்சுண்டா மாமா கோச்சுப்பார். மாமா கோச்சுண்டா..."

"மாமி ஜாக்கெட் போடுன்னுதானே சொன்னா? போட்டுண்டு போறேன்."

"கடன் வாங்கியா?"

"கடன் வாங்கித் தோள்ல மாட்டிண்டு பாடினா ஸ்வரம் வராது" என்று சொல்லிவிட்டு ஜகதாம்பாள் உள்ளே போனாள்.

அந்தத் தெருவுக்கு வாரம் ஒரு தடவை பாத்திரக்காரி வருவாள். கூடையில் பித்தளையும் வெண்கலமும் பளபளக்கும். வீட்டுக்காரிகள் பழைய புடவைகளைக் கொடுத்துப் பாத்திரம் வாங்குவார்கள். அந்த வாரம் ஜகதாம்பாள் தன் கல்யாணக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"துணிமூட்டையைப் பிரி. எனக்குத் துணி வேணும். கூஜாவை நீ எடுத்துக்கோ."

பாத்திரக்காரி பயந்துவிட்டாள். தொழில் ஆரம்பித்த நாளாக இப்படி ஒரு தலைகீழ் வியாபாரத்தை அவள் கண்டதில்லை. எதிர்வீட்டு வங்காளி அக்கா ஷைலபாலா தீதி ஓடிவந்து ஜகதாம்பாளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை.

மூட்டையில் அலிப்பூர் துரை பங்களா ஆயா ஒருத்தி பாத்திரத்துக்குப் போட்ட கவுன் ஒன்று இருந்தது. துரைகள் ஊரைக் காலி செய்கிற வருஷம், இப்படி எத்தனையோ வந்தன. மயில்கழுத்து நிறம், நல்ல கனத்த பட்டு. இடுப்பில் குடத்துக் கழுத்து மாதிரி சுருங்கி, கீழே பந்தல் மாதிரி விரிந்தது. ஒரு பொம்பளைக்கு இவ்வளவு துணியா என்று ஜகதாம்பாள் மலைத்தாள். அப்புறம், இவ்வளவு துணியில் எத்தனை ஜாக்கெட் என்று யோசித்தாள். மலைப்பு போய்விட்டது.

தையல் என்றால் அவளுக்குத் தலையணை உறை தெரியும், அவ்வளவுதான். ஆனால் கவுனே குருவாக இருக்கையில் வேறு குரு எதற்கு? ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். பிரித்த துண்டைத் தரையில் பரப்பி, எது எதோடு சேர்ந்திருந்தது என்று அடுப்புக்கரியால் அடையாளம் போட்டாள். கை என்பது நேரான குழாய் இல்லை, மேலே மலை மாதிரி வளைந்து ஏறுகிறது என்று கண்டுபிடித்தபோது, அப்பளம் இட வராதவளுக்கு முதல் அப்பளம் வட்டமாக வந்த சந்தோஷம்.

மார்புத் துணியைப் பிரிக்கையில் உள்ளேயிருந்து நீளநீளமாக ஏதோ வெளியே வந்து விழுந்தது.

"இது என்ன குச்சி, தீதி?"

கத்தரிக்கோல் கொடுக்க வந்திருந்த ஷைலபாலா எடுத்துப் பார்த்தாள். "குச்சி இல்லை. மேம்சாகிப் நிமிர்ந்து நிற்க வேண்டாமா, அதுக்கு வைப்பா. திமிங்கிலம்."

ஜகதாம்பாள் கையை உதறினாள். "சிவசிவா! எலும்பா?"

"திமிங்கிலம்னா மீன்தானே? மீன்லே என்ன தோஷம்?" என்றாள் ஷைலபாலா, மனதார.

ஜகதாம்பாள் அந்த மீனை இடுக்கியால் எடுத்துத் தெருக்கோடியில் போட்டுவிட்டு, தலை முழுகி, பட்டைப் பூந்திக்கொட்டை போட்டு அலசி, மறுபடி உட்கார்ந்தாள். இதை அனந்தகிருஷ்ணனிடம் சொல்லவில்லை. அவன் கூஜா எங்கே என்று கேட்டதற்கே இன்னும் பதில் சொல்லவில்லை.

முதல் ஜாக்கெட்டில் இரண்டு கையும் இடது கையாகப் போய்விட்டது. பிரித்தாள். இரண்டாவதில் கழுத்து தோளை விட்டு இறங்கியது. பிரித்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திப் புள்ளிக்கோலமாயிற்று. மூன்றாவது உட்கார்ந்தது. கவுனின் ஓரத்திலிருந்த சின்ன லேஸைக் கையின் விளிம்பில் வைத்துத் தைத்தாள். சௌரங்கித் தையல்காரனுக்கு அந்த யோசனை வந்ததில்லை.

சரஸ்வதி பூஜையன்று அரக்குக் கூறைப்புடவைமேல் மயில்கழுத்து ஜாக்கெட்டோடு அவள் கூடத்தில் நுழைந்தபோது, கொலுவில் இருந்த பொம்மைகள் தவிர எல்லாரும் திரும்பினார்கள். வங்காளிப் பெண்கள் பக்கத்தில் வந்து லேஸைத் தொட்டுப் பார்த்தார்கள். ராஜலக்ஷ்மி மாமியின் ஜாக்கெட் அதே கூடத்தில்தான் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

"எந்தக் கடைடீ?" என்றாள் மாமி, சிரிக்க முயன்று.

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. ஜகதாம்பாள் அதை விழுங்கினாள். குத்திய விரல்கள் இன்னும் வலித்தன. அவற்றின் பெருமையைக் கடைக்காரனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

"கடையில்லே மாமி. கூஜாவைப் போட்டுப் பழைய கவுன் ஒண்ணு வாங்கினேன். பிரிச்சு நானே தைச்சேன்."

"கவுனா? துரைசானி கட்டிண்டதா?" மாமி இரண்டடி பின்னால் போய், கொலுப்படியில் இடித்துக்கொண்டாள். செட்டியார் பொம்மை ஆடி நின்றது. "அவ மாட்டையும் பன்னியையும் தின்னுட்டு வேர்வை விட்ட துணியை, அம்பாள் சன்னதிக்கா எடுத்துண்டு வந்தே? போடி வெளியிலே!"

ஜகதாம்பாள் போகவில்லை. பாடுகிறவளுக்குப் போட்டிருந்த மணையில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பட்டுக்கு ஏது மாமி விழுப்பு? பருத்திதான் தீட்டு வாங்கும். பட்டு வாங்காது. நீங்க சொல்லித்தான் தெரியும். போன மாசம், ரயில்லே கட்டிண்டு வந்த பட்டோட நேரே சமையலுக்குப் போனேளே."

"அது என் பட்டு!"

"இது என் பட்டு. என் கூஜா."

வாசல் அறையில் ஆண்கள் சுண்டலோடு உட்கார்ந்திருந்தார்கள். அனந்தகிருஷ்ணனுக்குத் தொண்டையில் சுண்டல் நின்றுவிட்டது. மாமி தீர்ப்புக்காக அகத்துக்காரரைக் கூப்பிட்டாள். "ஏன்னா, இங்கே வந்து இந்த அநியாயத்தைப் பாருங்கோ!"

லக்ஷ்மிநாராயணன் சரிகை அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, நீதிபதி நடை நடந்து வந்தார். கூடத்து நிலையைத் தாண்டினார். மயில்கழுத்துப் பட்டும் அந்த லேஸும் குத்துவிளக்கு வெளிச்சத்தில் கண்ணில் பட்டன. அவ்வளவுதான். முதுகு தானாக வளைந்தது. வலது கை நெற்றிக்குப் போயிற்று.

"குட் ஈவினிங், மேடம்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மணையில் உட்கார்ந்திருந்தது மூன்றாவது மேஜைக்காரன் பெண்டாட்டி. ஆனால் முதுகு பொய் சொல்லாது. ஆபீஸ் பெரிய துரைக்குப் பிரிவுபசாரம் நடந்தபோது அவர் துரைசானி உடுத்தியிருந்த கவுன் இது. அதற்கு எதிரே குனிந்தபடியே நெடுநேரம் நின்று, ஒரு வார்த்தை கிடைக்குமா என்று காத்திருந்தவர் அவர். முகத்தைவிடத் துணியைத்தான் அதிகம் பார்த்திருந்தார்.

"என்னன்னா இது? தீட்டுத் துணிக்குப் போய்ச் சலாம் போடறேள்!"

வாசலில் குமாஸ்தாக்களின் தலைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன. பெரிய துரைசானியின் உடுப்பைத் தீட்டு என்று சூப்பரிண்டெண்ட் வீட்டில் சொன்னதாக நாளைக்கு ஆபீஸில் யார் எங்கே ஓதுவார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படி ஓதித்தானே அவரே இந்த நாற்காலிக்கு வந்தார்.

"தீட்டாவது ஒண்ணாவது!" என்று இரைந்தார். "பட்டு எப்பவும் சுத்தம். அதுவும் இது... உயர்ந்த இடத்துப் பட்டு. நமக்கெல்லாம் ஒரு கௌரவம்."

"கௌரவம் இடத்துது இல்லே மாமா" என்றாள் ஜகதாம்பாள். "தையல் என்னோடது. பாடலாமா?"

பதிலுக்குக் காத்திராமல் சுருதி பிடித்தாள். சரஸ்வதி மேல் கீர்த்தனை. பல்லவியில் கூடம் அடங்கிற்று. அனுபல்லவிக்கு ஏறுகையில், வழக்கம்போலத் தோள் வரை கையைத் தூக்கித் தொடையில் தாளம் போட்டாள். சர்ரென்று ஒரு சத்தம். வலது அக்குள் தையல் விட்டுவிட்டது.

கவுன் தைத்தவன்மேல் தப்பு இல்லை. தேநீர்க் கோப்பையைத் தூக்குகிற உயரத்துக்குத்தான் அவன் கை வைத்திருந்தான். அந்தத் துரைசானி ஜன்மத்தில் ஆதி தாளம் போட்டிருக்க மாட்டாள்.

மாமியின் முகம் மலர்ந்தது. யாரோ ஒருத்தி கிளுக்கென்றாள். கையை மடியில் ஒடுக்கி வைத்துக்கொண்டு மெல்லப் பாடி முடித்துவிடலாம். அடுத்தவள் தயாராகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தாள். ஜகதாம்பாள் கையை முன்னைவிட உயரத் தூக்கினாள். தையல் இன்னும் இரண்டு விரற்கடை விட்டது. அக்குளுக்கு ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைக்கவேண்டும், துணி மிச்சம் இருக்கிறது என்று ஒரு பக்கம் கணக்குப் போட்டபடியே, பலமாகத் தட்டி, சரணத்தை எடுத்தாள்.