நான்கு கோடு

ஹாரான் அண்ணனின் டோட்டோ எங்கள் தெருவின் முதல் பேட்டரி ரிக்‌ஷா. புகை இல்லை, சத்தம் இல்லை, மடியில் தூங்கும் பிள்ளை விழிக்காது என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ராத்திரி சார்ஜில் போட்டால் மறுநாள் முழுக்க ஓடும்.

புயல் கரண்ட் கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. வண்டியில் பாதிச் சார்ஜ் இருந்தது. முதல் ஆளாக என் போனை அதில் சொருகினேன். பின்னாலேயே தெருவே வந்தது. புயலில் டவரும் போய்விட்ட ஊரில் போன் எதற்கு? பாட்டுக் கேட்கத்தான். வெட்கமாக இருக்கிறது சொல்ல.

அண்ணன் மனைவி பாசந்தி அண்ணி, அவசரத்துக்கு வேண்டாமா என்று திட்டினாள். அண்ணன் சார்ஜ் மீட்டரைக் காட்டினார். நான்கு கோடும் எரிந்தன. நிற்கிற வண்டி எப்போதும் நான்கு கோடுதான் காட்டும், ஓட்டினால்தான் உண்மை தெரியும். அது டோட்டோக்காரர் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். யாருக்கும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் காலை ஈர விறகை எடுத்த அண்ணியின் விரலில் கட்டுவிரியன் கடித்தது. ஆஸ்பத்திரி ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் பதினோரு மைல். தெருவில் வேறு வண்டி இல்லை. நானும் கூட ஏறிக்கொண்டேன்.

தெருமுனையிலேயே இரண்டு கோடு. பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றது.

"நிதாய், கொஞ்சம் நிக்கவிட்டா கோடு ஏறும்டா," என்றார் அண்ணன்.

நின்றோம். நான்கு கோடும் வந்துவிட்டன. இருபது அடி போய் மறுபடி நின்றது. திரும்பவும் காத்திருந்தோம். அந்தக் கோடுகளைப் பிடுங்கி ஆற்றில் எறியலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

அண்ணியின் இமைகள் தொங்கிவிட்டன. நாக்கு குழறியது.

"தம்பி, உன் போன்ல சார்ஜ் நிறைய இருக்குமே. யாரையாவது கூப்பிடேன்."

எடுத்துப் பார்த்தேன். நூறு சதவீதம். சிக்னல் இல்லை.

அண்ணன் இறங்கித் தள்ளினார். நானும் தள்ளினேன். உச்சிக்குப் போக முக்கால் மணி நேரம் ஆனது. அதன்பின் இறக்கத்தில் பேட்டரி செலவில்லாமல் வண்டி தானாகவே ஓடியது. இன்ஜின் சத்தமே இல்லாத வண்டி, பக்கத்தில் இருப்பவர் மூச்சு கூடக் கேட்கும். அண்ணி பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

மீட்டரில் நான்கு கோடும் எரிந்தன.