குலுக்கினால் சத்தம் வராத டப்பா

அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளுடைய முடி அலங்காரக் கடையில் சீப்பு ஓய்ந்தாலும் பேச்சு ஓயாது. அவளுடைய கொழுந்தன் முடிக்கு அடிக்கிற ஸ்பிரே செய்யும் ஒரு கம்பெனியில் விற்பனைக்குச் சேர்ந்திருந்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் சரக்கை அண்ணியிடம்தான் கொண்டுவந்தான்.

டப்பாவுக்குள் கேஸ் கிடையாதாம். மருந்து ஒரு பைக்குள் இருக்கும், சுற்றியிருக்கிற ரப்பர் அதை நெருக்கி வெளியே தள்ளும். கேஸ் நெடி மூக்கில் ஏறாது, தலைகீழாகப் பிடித்தாலும் அடிக்கும், கடைசிச் சொட்டுவரை வரும் என்று மூச்சுவிடாமல் சொன்னான். ஆட்டினால் சத்தம் வராது என்றும் சொன்னான். அண்ணி அப்போது அவன் கழுத்தில் கட்டியிருந்த புது டையைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தாள். அது காதில் ஏறவில்லை.

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். அண்ணி ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். சத்தமில்லை. அடுத்ததிலும் இல்லை. குலுக்கிச் சத்தம் கேட்டால் மருந்து இருக்கிறது, கேட்காவிட்டால் குப்பைக்கூடை. அந்தத் தொழிலில் எல்லோருக்கும் கைவந்த பழக்கம் அது. அழுத்திப் பார்க்கத் தோன்றவே இல்லை. எல்லார் முன்னாலும் போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் கம்பெனி மேனேஜரைப் பிடித்தாள்.

"உங்க ஆளு சொந்த அண்ணி தலையிலயே காலி டப்பாவக் கட்டிட்டாரு. மத்தவங்களுக்கு என்னத்த விப்பாரோ."

கடையே சிரித்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். மேனேஜர் அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டாராம். குப்பைக்கூடையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக் கண்ணாடிமேல் அழுத்தினான். பூப்போலப் படர்ந்த மருந்தில் அண்ணியின் முகம் மங்கியது. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மேனேஜரிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"கடை நெறைய ஆள வெச்சுக்கிட்டுப் பேசினீங்க அண்ணி. உங்களப் பொய்யாக்க மனசு வரல. தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

மறுநாள், கடை நிறைந்திருந்தபோதே, மறுபடி மேனேஜரை ஸ்பீக்கரில் கூப்பிட்டாள். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை, கேட்டும் கேளாமல் இருந்தது தான்தான் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டாயிற்று என்றார் மேனேஜர்.

யாரும் சிரிக்கவில்லை. நாற்காலியில் ஒரு பெண் காத்திருந்தாள். அண்ணி டப்பாவை எடுத்தாள். கை தன்பாட்டுக்கு அதைக் குலுக்கியது.