டிம்மில்தான் ஓட்டினேன்

என் பிக்கப் வண்டியை ஆறு அங்குலம் உயர்த்தியது அக்டோபர் மாதத்தில். இடம் என் மச்சான் கிளேட்டனின் கொட்டகை. என் மனைவி ஜோலீனின் அண்ணன் அவன். இரண்டு சனி, இரண்டு ஞாயிறு வேலை பிடித்தது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றி, இடுப்பு உயரத்துக்கு முப்பத்தேழு அங்குல டயர் மாட்டி வெளியே ஓட்டி வந்தபோது, ஜோலீன் படியில் நின்று கேட்டாள்: "இதுல ஏறுறதுக்கு ஏணி எங்கே வச்சிருக்கீங்க?"

எனக்கு இருப்பது இந்த ஒரு வண்டிதான். மளிகை வாங்குவதும் இதில்தான், மகளைப் பள்ளியில் விடுவதும் இதில்தான், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகப் பாறை மேல் ஏற்றிப் பார்ப்பதும் இதில்தான். வேலை நாளில் விடியுமுன் நாலே முக்காலுக்குக் கிளம்பி முப்பத்தைந்து மைல் ஓட்டிச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். வயோமிங்கில் நவம்பர் பிறந்துவிட்டால் ஏழு மணி வரை கும்மிருட்டு. சாலையும் ஒரு வண்டி போக ஒரு வண்டி வரத்தான் அகலம்.

வண்டியை உயர்த்துகிறவர்கள் அதோடு செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. முதலாவது சக்கர அலைன்மென்ட். அதை மறுநாளே செய்துவிட்டேன், செய்யாவிட்டால் புது டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும். இரண்டாவது ஹெட்லைட்டைக் கீழே இறக்குவது. வண்டி உயர்ந்ததும் வெளிச்சமும் உயர்ந்து எதிரே வருகிறவன் முகத்தில் அடிக்கும். சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தி, வெளிச்சம் விழும் இடத்தில் ஒட்டுநாடா ஒட்டிப் பார்த்து, ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பினால் போதும். மொத்தமே பத்து நிமிடம். அதை நான் செய்யவில்லை. டயர் தேய்ந்தால் என் காசு, கண் கூசினால் அடுத்தவன் கண். வெட்கத்தை விட்டுச் சொன்னால் காரணம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்த வெளிச்சம் எனக்குப் பிடித்திருந்தது. மான் குறுக்கே வந்தால் அரை மைலுக்கு முன்பே அதன் கண் மின்னும். அந்தச் சாலையையே எனக்காகப் போட்டது மாதிரி இருக்கும்.

அடுத்த வாரம் கிளேட்டன் கேட்டான்: "லைட்டை எறக்கிட்டியா மாப்பிள்ளை?"

"ஆச்சு ஆச்சு" என்றேன். அப்போது அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை.

பழைய ஆட்டுப்பட்டி வளைவு என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே ஐந்தேகால் மணிவாக்கில் தினமும் ஒரு சின்னக் கார் எதிரே வரும். வளைவில் என்னைக் கண்டதும் இரண்டு தடவை லைட் அடித்துக் காட்டும், டிம் பண்ணு என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் டிம்மில்தானே வருகிறேன்! பிரைட் என்றால் என்னவென்று பார் என்று நிஜமான பிரைட்டையும் போட்டுக் காட்டிவிட்டுப் போவேன். மறுநாளும் அது அடிக்கும். நானும் போடுவேன். ஆறு வாரம் இந்த மல்லுக்கட்டு நடந்தது. காலையில் காப்பியைவிட அதுதான் என்னை எழுப்பியது என்றுகூடச் சொல்லலாம்.

நவம்பர் கடைசி வியாழக்கிழமை, நன்றித் திருநாள் விருந்து கிளேட்டன் வீட்டில். அவன் மனைவி லோர்னா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். வான்கோழியை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "ராத்திரி ஷிப்டுக்கு மாத்தினாலும் மாத்தினாங்க, உயிர் போகுது. வேலையில இல்ல, வர்ற வழியில. தினமும் ஒரு தடிமாடு எதிர்ல வர்றான். மாடி வீடு மாதிரி ஒரு வண்டி. டிம் பண்ணுடான்னு அடிச்சுக் காட்டினா, திமிரெடுத்தவன், இன்னும் அதிகமா போடுறான்."

"எங்கே?" என்றாள் ஜோலீன்.

"ஆட்டுப்பட்டி வளைவுல. அஞ்சேகாலுக்கு."

கையில் இருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தேன். அவள் இரவு வேலைக்கு மாறிய விஷயமே அன்றுதான் எனக்குத் தெரியும்.

"ஏங்க, நீங்களும் அந்நேரத்துக்குத்தானே போறீங்க? பாத்ததில்லையா?"

"எத்தனையோ வண்டி வருது" என்றேன்.

கிளேட்டன் கத்தியை என் பக்கம் நீட்டினான். "இவனை மாதிரி ஒழுங்கா லைட்டை எறக்கிட்டு ஓட்டணும். வண்டியை மட்டும் தூக்கிக்கிட்டுத் திரியுறான் பாரு, அவன் கையில கெடச்சா லைட்டைப் பேத்து அவன் வாயிலயே வச்சிருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் 'அந்தத் தடிமாடு நான்தான்' என்று சொல்லியிருந்தால் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகச் சிரித்திருப்பார்கள். பத்து வருஷம் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணியிருப்பார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை சத்தமில்லாமல் இறக்கிவிடலாம், விஷயம் தானாக அமுங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் கிளேட்டன் வந்து ஹாரன் அடித்தான். பாறை ஏறப் போனோம். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு ஊர்ந்து ஏற வேண்டிய இடம் அது. இந்த உயரத்தில் உட்கார்ந்தால் வண்டியின் மூக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. முன்னால் ஒருவன் நின்று கையைக் காட்ட வேண்டும், அந்தக் கை சொல்வதைத்தான் கேட்க வேண்டும். கிளேட்டன் பின்னோக்கி நடந்துகொண்டே 'வா, வா, இடது, நில்லு' என்று கை காட்டினான். இரண்டு டன் இரும்பு தன்மேல் உருண்டால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் நின்றான். மேலே ஏறியதும் முதுகில் ஒரு அடி கொடுத்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "பசிக்குது" என்று முடித்தேன். வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உடம்பு வலி.

திங்களும் செவ்வாயும் வளைவுக்கு முன்பே ஹெட்லைட்டை அணைத்துச் சின்ன விளக்கை மட்டும் போட்டு ஊர்ந்து போனேன். அவளும் லைட் அடிக்கவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை பனித்தூள் காற்று. சின்ன விளக்கில் என் மூக்கே தெரியாது. ஹெட்லைட்டோடுதான் வளைவுக்கு வந்தேன். இரண்டு தடவை அடித்தாள். கடந்து போனேன். கண்ணாடியில் அவள் காரின் சிவப்பு விளக்கைத் தேடினேன், இல்லை. பனித்தூள் மறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஒன்பது மணிக்கு ஜோலீன் போன் பண்ணினாள். லோர்னாவின் கார் வளைவில் சாலையை விட்டு இறங்கி இரண்டு முறை உருண்டிருக்கிறது. மாடு ஏற்றி வந்த லாரிக்காரன் பார்த்திருக்கிறான், இருபத்தைந்து நிமிடம் கழித்து. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டதாம்.

போனை வைத்ததும் நான் முதலில் ஓடியது ஆஸ்பத்திரிக்கு இல்லை. சுரங்கத்தின் வண்டி நிறுத்தத்துக்கு ஓடினேன், கையில் ஸ்குரூ டிரைவரோடு. லைட்டுக்குப் பதினான்கு சுற்று. ஆறு வாரமாகக் கிடைக்காத பத்து நிமிடம் அன்று கிடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் லோர்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளையா இருந்துச்சுண்ணே. வேற ஒண்ணுமே தெரியல. ரோடு எங்கேன்னே தெரியல" என்றாள். இரண்டு முறை ஆபரேஷன் செய்தார்கள். இடது கால் எப்படி வரும் என்று கேட்டதற்கு, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு கிளேட்டன் மனிதனாக இல்லை. விடிகாலையில் அந்த வளைவில் காரை நிறுத்திவிட்டு, குளிரில் நின்று போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கடந்து போகும்போது கையைத் தூக்கிக் காட்டுவான். என் விளக்கு தரையைப் பார்த்துக்கொண்டு போகும். நான் தலையாட்டிவிட்டுப் போவேன். பதினொரு நாள் இப்படியே போனது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, இருட்டியதும், வீட்டுக்கு வந்தான். கையில் சுத்தியல்.

"வண்டிய எடு மாப்பிள்ளை. ஆள் கெடச்சிட்டான். எரிவாயுக் கிணத்துல வேலை பாக்குறானே கோல்பி, அந்தப் பொடிப்பய. கூரையில நாலு லைட்டு கட்டியிருக்கான். அன்னிக்குக் காலையில அந்த ரோட்டுல பெட்ரோல் போட்டிருக்கான்."

"போலீஸ்ல சொல்லு மச்சான்."

"சொல்லுவேன். மொதல்ல நான் பேசிக்கிறேன். ஆமான்னு சொன்னா ஒண்ணு வைப்பேன். இல்லேன்னு சொன்னா ரெண்டு."

கோல்பிக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி நாலு மாதம். அவன் வீட்டுக்குப் போகும் மண் பாதையில் திரும்பியதும் நான் வண்டியை நிறுத்திவிட்டேன்.

"எதுக்கு நிறுத்துறே?"

"கோல்பி இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தான்."

அவன் சிரித்தான். "சும்மா இரு. நீதான் லைட்டை எறக்கிட்டியே."

"எறக்கல. உங்கிட்ட பொய் சொன்னேன். லோர்னாவுக்கு அப்படியான பெறகுதான் எறக்கினேன், சுரங்கத்துல வச்சு."

அவன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சுத்தியல் என் மண்டையில் இறங்கினால் சரியென்று வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவன் அதைக் குனிந்து காலடியில் வைத்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சரி. என்ன பண்றது. எதிர்ல வர்றது அவதான்னு உனக்கெப்படித் தெரியும்? தெரியாம ஆயிப்போச்சு." என் தோளில் கையை வைத்தான். "அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஜோலீன்கிட்ட இப்பச் சொல்லாதே. தாங்க மாட்டா."

அதோடு முடிந்திருக்கும். நான் ஒன்றும் பேசாமல் அழுதிருந்தால் போதும், அவன் என்னைத் தேற்றியிருப்பான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கை தோளில் இருந்தது. அதற்கு நான் லாயக்கில்லை.

"தெரியும் மச்சான்."

"என்ன?"

"அவதான்னு தெரியும். விருந்தன்னிக்கே தெரியும். அவ வளைவைச் சொன்னப்பவே."

கை தோளைவிட்டு எடுபட்டது.

"சனிக்கிழமை பாறைக்குப் போனமே."

"ஆமா."

"அப்பவும் தெரியுமா?"

"அப்பவும்."

அவன் முன்னால் பாதையில் தாழ்ந்து விழுந்த என் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தான். பிறகு, "எத்தனை சுத்து எறக்கினே?" என்றான்.

"பதினாலு."

"எறங்கு. இருந்த எடத்துக்கே ஏத்து."

பானெட்டைத் திறந்து திருகைத் திருப்பினேன். விரல் மரத்துப்போய் ஸ்குரூ டிரைவர் இரண்டு தடவை நழுவிப் பனியில் விழுந்தது. அவன் பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணினான். ஒரு விளக்குக்குப் பதினான்கு, மறு விளக்குக்குப் பதினான்கு. பானெட்டை மூடியதும் அவன் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். கதவைச் சாத்தாமலே சொன்னான்: "முன்னால போ. நூறு அடி போயி உக்காரு. அவ காருக்குள்ள எவ்வளவு ஒசரத்துல இருப்பாளோ, அந்த ஒசரத்துக்கு."

போனேன். பனியில் முழங்கால் போட்டுத் திரும்பினேன். அவன் விளக்கைப் போட்டான்.

டிம்தான். சத்தியமாக டிம்தான். ஆனால் பாதை இல்லை, ஓரத்துக் கம்பி வேலி இல்லை, வண்டி இல்லை, என் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தால் அதுவும் கறுப்பாகத்தான் தெரிந்தது. கண்ணை மூடினாலும் வெள்ளையாகவே இருந்தது. எந்தப் பக்கம் விழுந்தால் பள்ளம் என்று தெரியாமல் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டேன். அவளோ அன்று ஐம்பது மைல் வேகத்தில் வந்துகொண்டிருந்தாள்.

"மச்சான்" என்று கத்தினேன். "ஒண்ணும் தெரியல மச்சான்."

வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. கோபம்கூட இல்லை அதில்.

"இதைத்தான்டா அவ உங்கிட்ட ஆறு வாரமா சொல்லிக்கிட்டிருந்தா. தினமும் ரெண்டு தடவை."

நான் அவனைத் தேடினேன். எந்தப் பக்கம் இருக்கிறான் என்றே தெரியவில்லை. அவன் விளக்கை அணைக்கவில்லை. அணைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.