காளான் செரிக்கும் வரை

தப்பு உன் மேல்தான். கரட்டு அடிவாரத்தில் பலகை நட்டு, ‘இங்கு முளைக்கும் காளான் உண்ணத் தக்கது’ என்று பச்சை பெயின்டில் எழுதிவிட்டுப் போனாயே, யார் உண்ண என்று எழுதினாயா? என் நாய் சோடா அதன் முன்னால் நின்று முழுதாகப் படித்தது. பிறகுதான் தின்றது. பழைய இரும்புக் கடைக்காரன் நான், ஒரு துருப்பிடித்த ஆணிக்கே நாலு கேள்வி கேட்பேன். அது நாய். எழுதியிருந்ததை நம்பிவிட்டது.

இதற்கு வைத்தியம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மனிதர் தின்னும் காட்டுக்காளானை நாய் தின்றுவிட்டால், அது செரிக்கும் வரை நாயை மனிதராக வைத்திருக்க வேண்டும். எட்டு மணி நேரம். நடுவில் பக்கத்தில் யாராவது நாய் என்று சொன்னால் வயிற்றிலிருக்கும் காளானுக்குக் கேட்டுவிடும். உடனே விஷமாகிவிடும்.

கால்நடை மருத்துவர் செல்வநாயகி வந்து சோடாவின் வயிற்றில் காதை வைத்துப் பார்த்தார்.

“புற்றுக்காளான். நல்ல காளான்தான். இப்ப மணி ஒம்பது. அஞ்சு வரைக்கும் மரியாதையா நடத்துங்க.”

“சோடா இதைத் திங்கலாமா கூடாதா டாக்டரம்மா?”

“யாரு தின்னாங்கங்கிறதைப் பொறுத்தது.”

“சோடாதான் தின்னுச்சு.”

“தின்னாருன்னு சொல்லுங்க.”

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் என் சட்டை ஒன்றை மாட்டிவிட்டு, கடையில் என் நாற்காலியிலேயே உட்காரவைத்தேன். என் மனைவி ஒச்சம்மா சொம்பில் மோர் கொண்டுவந்தாள்.

“குடிங்கண்ணே. வெயிலு மண்டையப் பொளக்குது.”

அவளுக்கு அண்ணன் என்றால் எனக்கு மச்சான். ஆறு வருஷமாக வாசலில் சுருண்டு கிடந்தவரை அப்படிக் கூப்பிட நாக்கு வரவில்லை. வரவழைத்தேன். “என்ன மச்சான், உடம்பு பரவாயில்லையா?” அவர் பெரிய மனிதர் மாதிரி வேறு பக்கம் பார்த்தார்.

நாலரை வரை ஒரு குறையும் இல்லை. தெருவில் போனவர்கள் வணக்கம் வைத்தார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அவர் பெயருக்கு வந்தது. நாலரைக்குத்தான் காசிமாயன் பழைய மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். கையில் தூக்கியதுமே தெரிந்தது, உள்ளே செம்புக்கம்பி இல்லை. உருவி எடுத்துவிட்டு மூடியிருக்கிறான். பதினோரு வயதில் சாக்கைத் தோளில் போட்டுத் தெருத் தெருவாகத் தொழில் படித்த என்னிடமே.

“செம்பு எங்கடா?”

“மோட்டாருன்னா உள்ள செம்பு இருக்கும்லண்ணே.”

“யாரை ஏமாத்துற, நாயே!”

காசிமாயன் நின்ற இடத்தில் நன்றாகத்தான் நின்றான். நாற்காலியிலிருந்து மச்சான் சரிந்தார். வாயில் நுரை. நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தது. ஒச்சம்மா ஓடிவந்து, “அண்ணே, அண்ணே” என்று காதோரம் கத்தினாள். காசிமாயன் குனிந்து, “ஐயா, எந்திரிங்கய்யா, நீங்க பெரியவங்க” என்று முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“ஏண்ணே, என்னைத் திட்ட வேற வார்த்தையே கெடைக்கலையா?”

அரை மணி கழித்து மூச்சு சீரானது. செல்வநாயகி மறுபடியும் காதை வைத்துக் கேட்டார்.

“காளானுக்குச் சந்தேகம் வந்துருச்சு. இனிமே எட்டு மணி நேரமெல்லாம் கணக்கில்ல. அந்தப் பலகையில யாருக்குன்னு எழுதினாத்தான் நம்பிச் செரிக்கும். அதுவும் எழுதின அதே கை எழுதணும். அதுவரைக்கும் இவர் இப்படியே இருக்கட்டும். இன்னொரு தடவை அந்த வார்த்தை விழுந்தா உசுரு தாங்காது.”

மறுநாள் காலையில் தவமணி வந்தார். பேரூராட்சியில் நாய்க் கணக்கு எடுப்பவர். உள்ளே எட்டிப் பார்த்து மச்சானுக்கு வணக்கம் வைத்துவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“வாசல்ல ஒரு எடம் காலியா இருக்கு. ஊர்ல நாப்பத்தொண்ணு இருக்கணும். நாப்பதுதான் நிக்குது.”

“அதுக்கு?”

“யாராச்சும் படுக்கணும். நாற்காலியும் உங்களுக்கு இல்ல, சும்மாதான நிக்கிறீங்க?”

இப்படி வருபவர்களை எனக்குத் தெரியும். முதல் பேச்சிலேயே பிடிகொடுக்கக் கூடாது.

“படுக்கிறேன். குரைக்க மாட்டேன்.”

“குரைக்காம எப்படிங்க? தெரியாத ஆள் வந்தா அஞ்சு தடவை.”

“ஒண்ணு.”

“நாலாவது குரைங்க.”

“ரெண்டு. அதுக்கு மேல ஒரு சத்தம் வராது.”

எழுதிக்கொண்டு போனார்.

இதை வாசலில் படுத்தபடிதான் எழுதுகிறேன். உள்ளே வைத்து எழுதினால் காளான் எட்டிப் பார்க்கும். கடையை மச்சான் கவனித்துக்கொள்கிறார். எதிராளி கேட்ட விலைக்கே தலையாட்டிவிடுகிறார். காசிமாயனின் அந்த மோட்டாரையும் வாங்கிப் போட்டுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் வாயைத் திறந்தால் என்ன வார்த்தை வரும் என்று எனக்கே தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

நாய் காட்டுக்காளான் தின்னலாமா கூடாதா என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வா. என் வாசலைத் தாண்டித்தான் கரட்டுக்குப் போக வேண்டும். இரண்டு தடவை குரைப்பேன், கண்டுகொள்ளாதே. போய் யாருக்கு என்று தெளிவாக எழுது. மத்தியானத்துக்குள் எழுது. ஒச்சம்மா இன்று காளான் குழம்பு வைக்கிறாள். என் பங்கைத் தட்டில் போடுவதா, வாசலில் ஊற்றுவதா என்று இப்போதுதான் வந்து கேட்டுவிட்டுப் போனாள்.