பெரிய காது

அச்சகத்தில் அவருக்குச் ‘சந்திப்பிழை’ என்று பெயர். பிழை திருத்துவதுதான் உத்தியோகம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனுஷனுக்கு அந்தப் புத்தி இறங்குவதில்லை. மருந்துச் சீட்டு, கடைப் பலகை, பேருந்தின் முதுகு என்று எதில் ஓர் ஒற்று குறைந்தாலும் அவர் கை பேனாவைத் தேடும்.

கல்யாணமான புதிதில் மனைவி தலையணை உறையில் ‘இனிமையாக தூங்கு’ என்று நூலால் பூவேலை செய்து கொடுத்தாள். ஆசையாகத்தான் வாங்கினார். வாங்கிய கையோடு சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு ‘த்’ போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்றிரவே அவள் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். மறுநாள் உறையில் நூலே இல்லை. அந்தச் சிவப்பு ‘த்’ மட்டும் எத்தனை துவைத்தும் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் ஊசி எடுத்ததெல்லாம் பித்தான் தைக்கத்தான்.

அப்படிப்பட்டவள் இப்போது தனக்குத்தானே பாட்டு முணுமுணுக்கிறாள். அதுதான் முதலில் உறுத்தியது. அப்புறம் பின்னறையில் உள்தாழ்ப்பாள். நகக்கண்ணில் சேறு. அவருடைய பழைய சட்டைகளில் இரண்டைக் காணோம். கேட்டால், கிழிந்துவிட்டது என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பழைய சட்டையை ஒருத்தி யாருக்கு எடுத்துக் கொடுப்பாள்? பின்னறையில் விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஏறக்குறைய இவர் அளவுதான். இந்த நினைப்பு வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அவள் போய்விட்டால் தான் என்ன ஆவோம் என்று நினைத்து நினைத்துத் தூக்கமும் போனது.

விடுமுறை நாட்களில் செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி நடந்துபோய்ப் பின்னறைக் கதவில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பார். கடைசியில் ஒரு மத்தியானம் அவள் குரல் கேட்டேவிட்டது.

“நீ பாட்டுக்கு இரு. யாருக்கும் பயப்படாதே. அவரு கண்ணுல மட்டும் பட்டுடாதே.”

தாழ்ப்பாள் அரதப் பழசு. தோளால் ஓர் இடி இடித்ததும் பெயர்ந்து விழுந்துவிட்டது.

உள்ளே எந்த ஆணும் இல்லை. பலகை நெடுகக் களிமண் தலைகள். காயாமலிருக்க அவற்றின் மேல் ஈரத்துணி; துணியெல்லாம் அவருடைய சட்டைகள். மேஜை மேல் முடிக்காத தலை ஒன்று. புருவம் சுருங்கி, உதடு ஒரு பக்கம் கோணி, எதிலோ குற்றம் கண்டுபிடித்த முகம். யார் முகம் என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. போன உயிர் திரும்பி வந்தது. கண் கலங்கிவிட்டது. ஏதாவது நல்லதாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“ஒரு காது பெருசா இருக்கே.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். தலையணை உறைக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும், இப்போதே பிசைந்து உருட்டிவிடுவாள் என்று பயந்தார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, அதே காதின் மேல் அப்பி, கட்டை விரலால் தேய்த்தாள். காது இன்னும் பெரிதாயிற்று.

“பெருசாத்தான் இருக்கணும். கதவுல ஒட்டி ஒட்டிக் கேட்ட காதுல்ல. கதவுக்கு அடியில உங்க நிழல் தெரியும், உங்களுக்குத்தான் தெரியலை.”

அவருக்குக் காது சுட்டது. நன்றாக இருக்கிறதா என்று கேட்பாள், பதில் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நின்று பார்த்தார். அவள் கேட்கவே இல்லை.

“போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க. மண்ணு காஞ்சிடும்.”

சாத்தினார். தாழ்ப்பாள் இல்லாத கதவு, கை பட்டால் திறந்துகொள்ளும். அவர் அங்கேயே நின்றார். நிழல் தெரிந்திருக்கும். தெரிந்தும் அவள் உள்ளே பாட ஆரம்பித்தாள். சுருதி சுத்தமாகச் சேரவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை.