தலைகீழாய்ப் போட்ட இருபத்தேழு

பரத் ஜாக்கியைச் சுற்றச் சுற்ற, பழைய ஆம்னி முக்கி முனகிக்கொண்டு முன்பக்கம் எழுந்தது. குணாளன் பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை என்ற மரியாதையெல்லாம் புதுவாயல் கூட்டுச்சாலைக்குக் கிடையாது. லாரிகள் வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தன.

பரத் குணாளனுடைய மச்சான், அவன் மனைவி புவனேஸ்வரியின் தம்பி. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போகும் எட்டுப் பெண்களைத் தினமும் ஆம்னியில் ஏற்றிப் போகிறான். அதில் அக்காவும் ஒருத்தி. வெள்ளிக்கிழமை கூட்டுச்சாலையில் முன்னால் போன கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றுவிட்டது. இவன் மிதித்த மிதிக்கு வண்டி கிறீச்சென்று கத்தியதே தவிர, நிற்பதற்கு அதற்கு மனசு வரவில்லை. லாரிக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றது. மாமா பிரேக் பேட் கம்பெனியிலேயே இருக்கும்போது மெக்கானிக் எதற்கு என்று பரத் இங்கே வந்துவிட்டான்.

குணாளன் ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்டில் பேட்களைச் சோதித்துப் பார்ப்பவன். வண்டியில் மாட்டியது மொத்தமே இரண்டு மூன்று தடவைதான். அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. மச்சான் எதிரில் கொஞ்சம் கெத்தாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

சக்கரத்தைக் கழற்றி, இரண்டு போல்ட்டைத் தளர்த்திப் பழைய பேட்களை உருவினான். நகத்தின் கனம்கூட மிச்சமில்லை. ஒரு பக்கம் இரும்பே பளபளத்தது.

"இத்த நம்பியாடா எட்டுப் பொம்பளைங்கள ஏத்திக்கினு போன?" டீ தம்ளரோடு வந்த புவனேஸ்வரி கேட்டாள்.

"அதான் புதுசு வாங்கியாந்துட்டேன் இல்லக்கா. சும்மா பேஜார் பண்ணாத."

பேர் எதுவும் அச்சிடாத அட்டைப்பெட்டி. குணாளன் பிரித்து ஒரு பேடைக் கையில் எடுத்தான். திருப்பிப் பார்த்தான். பின்பக்க இரும்புத் தகட்டில் வெள்ளை மையில் இருபத்தேழு என்று முத்திரை. அது அவனுடைய எண். தலைகீழாக இருந்தது.

சோதனை மேஜையில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. சரியாக இருக்கும் பேடில் அதைக் குத்தி அனுப்ப வேண்டும். சரியில்லாததையும் குத்து என்று மேலே இருப்பவர்கள் நெருக்கும்போது, முத்திரையைத் தலைகீழாகக் குத்துவது அந்த மேஜைக்காரர்களின் வழக்கம். அதற்கு என்ன அர்த்தமென்று வெளியே யாருக்கும் தெரியாது. யாருக்கும் அதனால் பிரயோஜனமும் கிடையாது. குத்தியவனுக்கு மனசு கொஞ்சம் ஆறும், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முன்னால் வந்த சரக்கு இது. அடுப்பில் சூடு குறைந்து வேகாமல் வந்தவை. தகட்டுக்கும் மேலே ஒட்டிய பகுதிக்கும் நடுவே நூலளவு இடைவெளி. ட்ரே ட்ரேயாக அவன் ஒதுக்கித்தான் வைத்தான். சூப்பர்வைசர் மோகன்ராஜ் சத்தம் போடவில்லை. தோளில் கை வைத்தார்.

"குணா, இது கார் கம்பெனிக்குப் போற மால் இல்லப்பா. லோக்கல் கடைக்குத்தான். பர்மனன்ட் லிஸ்ட்ல உன் பேர எழுதிக் குடுத்துருக்கறேன், ஞாபகம் வெச்சுக்கோ."

அன்று முழுக்கக் குத்தினான். லிஸ்ட் இன்னும் வரவில்லை. சரக்கு வந்துவிட்டது.

பேடின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினான். நகம் உள்ளே இறங்கியது.

"இன்னா மாமா, பாத்துக்கினே குந்தினுகீற?" பரத் குனிந்தான். "அட, இருபத்தேழு! உன் நம்பராச்சே! அக்கா, இங்க வந்து பாரேன். மாமா பாஸ் பண்ணது நம்ம வண்டிக்கே வந்துகீது. லோக்கல் மால்னு கடைக்காரர் சொன்னப்போ டவுட்டாதான் இருந்துச்சு. இனிமே கவல இல்ல."

புவனேஸ்வரி குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பைக் குணாளனால் பார்க்க முடியவில்லை.

"இது வேணாம்டா."

"ஏன் மாமா?"

"வேகல. வேகமா வரும்போது மிதிச்சா அப்பிடியே பிளேட்ட உட்டு உரிஞ்சிக்கும்."

"அப்ப உன் நம்பர் ஏன் இருக்குது?"

குணாளன் கையிலிருந்த கிரீஸைக் கந்தலில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான். பரத்துக்கு மெல்லப் புரிந்தது. அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"எத்தினி பேட்ல போட்ட?" என்று கேட்டாள் புவனேஸ்வரி.

"அன்னிக்குப் பூரா."

டீத் தம்ளரை அவனுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவனுக்கு.

வண்டியை அப்படியே ஜாக்கியில் விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். வழியெல்லாம் குணாளன் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். இந்த சரக்கே சரியில்லண்ணே, யாருக்கும் குடுக்காதீங்க. ரொம்பச் சின்ன வார்த்தைகள்தான்.

கடைக்காரர் சுப்பிரமணி பெட்டியை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். "இன்னா கம்ப்ளெய்ன்ட்?"

பரத் மாமாவின் முகத்தைப் பார்த்தான். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று சுப்பிரமணி கேட்பார். பெட்டி சப்ளை செய்தவனிடம் திரும்பிப் போகும். அங்கிருந்து மோகன்ராஜின் மேஜைக்குப் போகும். பேடில் அவன் எண் இருக்கிறது.

"அளவு சேரலண்ணே," என்றான் குணாளன்.

பரத் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான். சுப்பிரமணி வேறு கம்பெனி பேடை எடுத்து வைத்தார். மேலே ஆன தொகையைப் பரத் கொடுத்தான். மாமா சட்டைப்பைக்குக் கொண்டுபோன கையை அவன் கண்டுகொள்ளவில்லை.

பெட்டியின் மேல் குணாளனின் கட்டைவிரல் தடம் கிரீஸில் பதிந்திருந்தது. சுப்பிரமணி அதை ஒரு துணியால் துடைத்தார். பின்னால் அலமாரியில் அதே மாதிரி பேரில்லாத பெட்டிகள் வரிசையாக நின்றன. நடுவில் ஒன்றுக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. பெட்டியை அதில் செருகினார்.

பரத் பைக்கை உதைத்துக் கிளப்பினான். அப்போது வெளியே ஒரு மஞ்சள் ஆம்னி வந்து நின்றது. டிரைவர் இறங்காமலே தலையை நீட்டினார்.

"அண்ணே, ஆம்னிக்கு முன் பேட் இருக்குதா? ஸ்கூல் வண்டி, நாளைக்கு காலைல எடுக்கணும்."

"இருக்குது, வா," என்ற சுப்பிரமணி திரும்பிக்கூடப் பார்க்காமல் அலமாரிக்குக் கையை நீட்டினார். இப்போதுதான் வைத்தது என்பதால், அந்தப் பெட்டியே சுலபமாகக் கைக்கு வந்தது.